ஒற்றியூர் எல்லையில் சுந்தரர்

வாயால் இறைவனைப் பாடிக்கொண்டே, ஒரு காரியத்திற்கு மட்டும் அவன் சற்று அப்பால் இருக்கட்டும் என்று எண்ணுவதும் அவனை விட்டு விலகுதலேயாம். அவ்விலகுதலின் விளைவு யாது என்பதைச் சுந்தரமூர்த்தி நாயனார் வரலாற்றில் நாம் தெளிவாகக் காண்கிறோம்.

திருநாவலூரில் சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் மகனாராய்த் தோன்றி, நரசிங்கமுனையரையரால் அரசச் செல்வத்துடன் வளர்க்கப்பெற்றவர் சுந்தரர். அவர் காலம் கி.பி. 8-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். புத்தூர் மணப்பந்தரில் முதியவராய் வந்த இறைவன், அடிமையோலை காட்டித் திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்கை வென்று அவரை ஆட்கொண்ட வரலாற்றை நம் குழந்தைகளும் அறிவர். தம்பிரான் தோழரான அவர், திருவாரூரில் பரவையாரை மணந்து வாழ்ந்தார். ஆங்கு அவர் பாடிய திருத்தொண்டத்தொகையே சேக்கிழாரின் பெரிய புராணத்திற்கு முதனூல்.

பின்னர்த் திருவொற்றியூரில் பூத்தொண்டு புரிந்துவந்த சங்கிலியாரை மணக்க விரும்பினார். பிரியேன் என்று இறைவன் திருமுன் சூளுரைத்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. ஆரூரை மறக்கவியலாத சுந்தரர், தாம் சூளுரைக்கும் பொழுது சந்நிதியை விட்டு மகிழமரத்தடியில் எழுந்தருளியிருக்குமாறு இறைவனை வேண்டினார். இறைவனும் இசைந்தான், ஆயின் சங்கிலியார் கனவில் தோன்றி, மகிழடியிலேயே சூள் கேட்குமாறு பணித்துவிட்டான். மறுக்க வழியின்றிச் சுந்தரர் ஆங்கே சூளுரைத்தார்.

வசந்த காலம் வந்தது. ஆரூர் விழாவின் நினைவு மேலிட, அவர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். அக்கணமே இரு கண்களும் ஒளியிழந்தன.

அவர் புறப்பட்டதும் இறைவன் உறையும் ஆரூருக்கே அன்றோ? எனினும், கோயிலை நோக்கி நடக்கும் கால்களும் வாய்மையை மீறி நடப்பின் இறைவனை விட்டு அகல்கின்றன. தோழமை என்னும் உரிமையும் அத்தண்டத்தைத் தடுக்கவில்லை.

ஆயினும் தண்டித்தவன் கைவிடவில்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் அளித்தான். காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண் தெளிந்தது. திருத்துருத்தியில் உடற்பிணி நீங்கியது. திருவாரூரில் வலக்கண் ஒளி பெற்றது. ஒரு கணத்தில் இழந்ததை, ஊர் ஊராக நடந்து, உள்ளம் உருகிப் பாடியே அவர் மீளப் பெற்றார். அதன் பின்னரும் பரவையார் சினம் தணியவில்லை. இறைவனே தூது நடந்து அதனைத் தீர்த்தான் என்று புராணம் கூறும்.

பிறந்த ஊரையும் குலதெய்வக் கோயிலையும் விட்டு நெடுந்தொலைவில் வாழும் நம் குடும்பங்கள், இறைவனை விட்டும் தொலைவில் இருப்பதாகச் சில வேளை ஏங்குவதுண்டு. அவ்வேக்கம் வேண்டுவதில்லை. திருவெண்பாக்கத்துக் கோயிலே பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது இடம்பெயர்ந்து, இன்று பூண்டியில் விளங்குகிறது. சுந்தரர் தாமும் சேரநாட்டுத் திருவஞ்சைக்களத்திலிருந்தே கயிலை ஏகினார். அத்தலம் இன்று கேரளத்தில் உள்ளது.

நாம் அஞ்சவேண்டிய தொலைவு வேறு. அலுவலகத்திலும் கடைவீதியிலும் இல்லத்திலும் நாம் கொடுக்கும் ஒவ்வொரு சொல்லையும் இறைவன் கேட்டுக்கொண்டிருக்கின்றான். அவன் சந்நிதியில் மட்டுமே உளன் என்று எண்ணி, பிற இடங்களில் பொய்ப்போமாயின், கண் இருந்தும் நாம் குருடரே. நம் பிள்ளைகட்கு இவ்வரலாற்றைச் சொல்லி வளர்ப்போமாக.