உடலுக்குத் தமிழ்ச்சொல் தேடிய மருத்துவர்

இராயபுரத்து முதியோர் ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி என்றே நெடுங்காலம் வழங்கி வந்தனர். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் எளியோர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தில் வேர்கொண்டு, 1938-இல் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த நிலையம் அது. அதன் வாயிலில் வந்து நிற்கும் மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் தம் நோவைத் தமிழில் சொல்வர். உள்ளே பயிலும் மாணவர் அந்நோவு உறையும் உறுப்பின் பெயரை ஆங்கிலத்தில் மனனம் செய்வர். வாயிலுக்கும் வகுப்பறைக்கும் இடைப்பட்ட இத்தொலைவைக் குறைக்க ஒருவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவர் தமிழரும் அல்லர்; அவர் பணியாற்றிய இடம் சென்னையும் அன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வாழ்ந்த அமெரிக்கர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்.

1822-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் மாசசூசெட்சு மாநிலத்து ஊர்ஸ்டர் நகரில் கிறீன் பிறந்தார். நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்கா உருவாகத் துணைநின்ற ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் இவர்தம் தமையனார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றவர், அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847-இல் பாஸ்டனிலிருந்து கப்பலேறிச் சென்னை வழியாக யாழ்ப்பாணம் சேர்ந்தார். அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல் தொலைவில் நங்கூரமிட, பயணிகள் மசூலாப் படகுகளில் அலை கடந்து கரையேற வேண்டும். இரு கரைகளுக்கும் இடையே மிஷனரிமார் வருவதும் போவதுமாக இருந்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் செய்த ஜான் ஸ்கடரும், பின்னாளில் பேரகராதி தந்த மிரோன் வின்ஸ்லோவும் அங்கிருந்து சென்னைக்கு வந்து பணிபுரிந்தவர்களே.

1848-இல் மானிப்பாயில் மருத்துவமனை அமைத்த கிறீன், அவ்வாண்டே சில இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் கற்பித்தது ஆங்கிலத்திலேதான். ஆயினும் நோயாளியின் மொழியில் நோயைச் சொல்லத் தெரியாத மருத்துவனால் ஊருக்கு என்ன பயன் என்னும் வினா அவரை விடவில்லை. தமிழைக் கற்றார், நூல்களைத் தமிழாக்கத் துணிந்தார். அப்போதுதான் சொல்லின் சிக்கல் எதிர்ப்பட்டது.

நரம்பு என்னும் ஒரு சொல்லை எண்ணிப் பார்க்கலாம். பேச்சு வழக்கில் குருதி ஓடும் குழாயும் நரம்பு. தசையை எலும்போடு பிணைக்கும் நாணும் நரம்பு. மூளையின் ஏவலைக் கொண்டு செல்லும் இழையும் நரம்பு. யாழிற் கட்டியதும் நரம்பே. கவிஞனுக்கு இது செல்வம். கத்தியைக் கையிலெடுத்த மருத்துவனுக்கோ இது பேராபத்து. எதை அறுக்கலாம், எதை அறுக்கலாகாது என்பதைச் சொல் பிரித்துக் காட்டியாக வேண்டும்.

உடற்கூற்றின் தொடக்கப் பாடங்கள் எல்லாம் இத்தகைய பிரித்தறிதல்களே. உடல் நிமிர்ந்து, உள்ளங்கைகளை முன்னோக்கிக் காட்டி நிற்பதாகக் கொண்டே உறுப்புகளின் இடம் சொல்லப்படும். வலமும் இடமும் நிற்பவனுடையவை, காண்பவனுடையவை அல்ல. கோயிற் படிமத்தின் வலக்கை எது, இடக்கை எது என்று பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதன்று. அடுத்தது அமைப்பும் தொழிலும். இதயத்திற்கு நான்கு அறைகள் உண்டு என்பது அமைப்பு. அதன் வலப்புறம் நுரையீரலுக்கும் இடப்புறம் உடலெங்குமாகக் குருதியைச் செலுத்துகிறது என்பது தொழில். முன்னதைக் கூறும் நூலுக்கு அங்காதிபாதம் என்றும், பின்னதைக் கூறும் நூலுக்குச் சுகரணம் என்றும் கிறீன் பெயரிட்டார். கேசாதிபாதம் பாடிய மரபினர்க்கு முதற்பெயரின் ஓசை அயலாகத் தோன்றாது. முடிமுதல் அடிவரை வருணித்த புலவன் புறத்தே நின்றான். இந்நூல் தோலுக்கு உள்ளே புகுந்தது.

சொல்லாக்கத்தில் அவர் கொண்ட முறை எளியது. தமிழில் தகுந்த சொல் உண்டாவென முதலில் தேடுவார். இல்லையேல் வடமொழியை நாடுவார். அங்கும் கிடைக்காதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய எழுதிக்கொள்வார். வேதியியல் நூலுக்குக் கெமிஸ்தம் என்னும் பெயர் வாய்த்தது இம்மூன்றாம் வழியால். தனித்தமிழ் உணர்வுடையார்க்கு இம்முறை உவப்பாயிராது. உற்பாலனம் என்று அவர் சுகாதாரத்திற்கு இட்ட பெயர் அந்நாளிலும் எத்தனை பேருக்கு விளங்கியிருக்குமோ! எனினும் கலைச்சொற்களைத் தொகுத்து அச்சிட்டு, பின்வருவோர் ஒரே பொருளுக்கு ஒரே சொல்லை ஆளும்படி ஒழுங்கு செய்த அவர்தம் பொறுமை போற்றத்தக்கது.

கட்டர் எழுதிய பாடநூலின் தமிழாக்கமும் பிரசவ வைத்தியமும் 1857-இலும், இரணவைத்தியம் 1867-இலும் வெளிவந்தன. இலண்டனில் 1858-இல் முதன்முதல் வெளியான கிரேயின் உடற்கூற்று நூல், பதினான்கே ஆண்டுகளில், 1872-இல், மனுஷ அங்காதிபாதமாகத் தமிழில் வந்தது. டான்போர்த், சாப்மன் முதலிய தமிழ் மாணவர்கள் மொழிபெயர்ப்பிற் பங்குகொண்டனர். கிறீன் வரிவரியாக ஒப்புநோக்கித் திருத்தினார். இவ்வாறு அவர் முயற்சியால் உருவான பக்கங்கள் ஏறத்தாழ 4,500.

1864-இல் முற்றிலும் தமிழிலேயே மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். ஆங்கிலம் கற்றவர் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போய்விடுவர். தமிழில் கற்றவரே சிற்றூர்களில் தங்குவர் என்பது அவர் கணிப்பு. மாணவர் தம் நாட்டு உடையையும் பழக்கத்தையும் கைவிட்டு ஐரோப்பியராக மாறுவதையும் அவர் விரும்பவில்லை. மதம் பரப்ப வந்தவர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அந்நோக்கத்தை அவரும் மறைத்தாரல்லர். ஆனால் கிறித்தவராவது வேறு, அயலாராவது வேறு என்பதில் உறுதியாயிருந்தார்.

அவரை எதிர்த்தது மொழியின் வறுமையன்று, பிழைப்பின் கணக்கு. அரசாங்க வேலைக்கு ஆங்கிலம் வேண்டும். தமிழில் தேறியவர்க்கு அவ்வாயில் திறக்கவில்லை. 1870-இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணிய பெற்றோரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. நாமும் அதையே செய்துவருகிறோம். கிறீன் பயிற்றிய மருத்துவர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேரே தமிழில் கற்றவர். அவர் நாடு திரும்பிய சில ஆண்டுகளில் தமிழ் வகுப்பு நின்றுபோயிற்று.

அவர் ஆக்கிய சொற்களிற் பல வழக்கொழிந்தன. இரணவைத்தியம் இன்று அறுவை மருத்துவம். அங்காதிபாதம் உடற்கூற்றியலாயிற்று. ஒரே சொல்லை எல்லாரும் ஆளவேண்டும் என்ற அவர் விருப்பமும் நிறைவேறவில்லை. தமிழகப் பாடநூல் தமனி, சிரை என்பனவற்றை ஈழத்துப் பாடநூல் நாடி, நாளம் என்கிறது. இங்கே திசு, அங்கே இழையம். இங்கே செல், அங்கே கலம். பாக்கு நீரிணைக்கு இருபுறமும் ஓடுவது ஒரே குருதிதான். அதன் குழாய்களுக்கு மட்டும் பெயர் இரண்டிரண்டு.

உடல்நலம் குன்றிய கிறீன் 1873-இல் குடும்பத்துடன் ஊர்ஸ்டருக்குத் திரும்பினார். தமிழ் பேசுவோர் இல்லாத அவ்வூரிலிருந்தபடியே, யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்த மொழிபெயர்ப்புப் படிகளைத் திருத்தித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். டால்டனின் நூலைத் தழுவிய மனுஷ சுகரணம் 1883-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே 28-ஆம் நாள் அவர் மறைந்தார். தம் கல்லறையில் என்ன பொறிக்க வேண்டுமென அவர் முன்பே சொல்லியிருந்தார். பெயருக்கும் ஆண்டுகளுக்கும் கீழே, தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்னும் பொருள்பட அமைந்த அவ்வரி, ஊர்ஸ்டர் இடுகாட்டுக் கல்லில் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டது.