சமையலறையில் ஒரு சரணாகதி

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மாநகரின் வோஷிரார் தெருவில் கார்மேல் சபைத் துறவியரின் மடம் ஒன்று இருந்தது. அங்கே காலை இழுத்து இழுத்து நடந்தபடி அடுப்படி வேலை செய்து வந்த ஒரு சகோதரரைக் காணக் கற்றறிந்த குருமார்களும் நாடி வந்தனர். பின்னாளில் பேராயரான பெனலோனும் அவர்களுள் ஒருவர். குருப்பட்டம் பெறாத அந்த எளிய துறவியே சகோதரர் லாரன்ஸ்.

லொரேன் பகுதியில் ஏழ்மையான குடும்பத்தில், 1614-ஆம் ஆண்டளவில் பிறந்த அவரது இயற்பெயர் நிக்கோலா ஹெர்மன். பதினெட்டாம் வயதில், ஒரு குளிர்காலத்தில், இலைகள் யாவும் உதிர்ந்து நின்ற மரம் ஒன்றைக் கண்டார். சில நாட்களில் அது துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் எழுந்தது. எவரும் காணும் காட்சிதான். ஆனால் அக்கணத்தில் இறைவனின் பேராற்றல் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

எனினும் துறவு உடனே வாய்க்கவில்லை. போர்வீரராகிப் பகைவரிடம் சிக்கினார். ஒற்றர் என ஐயுற்று அவர்கள் தூக்கிலிடுவதாக மிரட்டியபோதும் கலங்காது நின்று உயிர் தப்பினார். 1635-இல் போரில் பட்ட காயம் அவரை முடமாக்கியது. பிறகு ஒரு செல்வரின் வீட்டில் பணியாளரானார். கைபட்ட பொருளையெல்லாம் உடைத்துவிடுவாராம்! 1640-இல் மடத்தில் சேர்ந்தபோது, தமது தவறுகளுக்கு அங்கே கடுந்தண்டனை கிட்டும், அதையே காணிக்கையாக்கலாம் என்று எண்ணியிருந்தார். 1642-இல் துறவற வார்த்தைப்பாடு அளித்தார்.

ஆனால் மடத்தின் முதல் பத்தாண்டுகள் வேதனையில் கழிந்தன. அவற்றில் நான்காண்டுகள் தாம் நரகத்திற்கே உரியவர் என்ற நம்பிக்கை அவரைப் பற்றியிருந்தது. யார் தேற்றியும் அது அகலவில்லை. சரணாகதி என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். தன் ஆன்மாவே அழியும் என்று நம்பும் ஒருவர் எதைச் சரணாக அளிப்பது? லாரன்ஸ் தம் அச்சத்தோடு வாதிடுவதை விட்டார். இறைவனிடம் கொண்ட அன்பிற்காகவே துறவு பூண்டோம். மீட்சியோ அழிவோ, எது நேரினும் சாகும்வரை அந்த அன்பிற்காகவே செயல்படுவோம் எனத் துணிந்தார். முடிவு என்னவாகும் என்ற கேள்வியையே இறைவனிடம் ஒப்படைத்துவிட்டார். அதன்பின் ஒருநாள் உள்ளம் தெளிந்தது.

சமையல் அவருக்கு இயல்பாகவே பிடிக்காத வேலை. அதில்தான் பதினைந்து ஆண்டுகளை ஓட்டினார். சட்டியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதும், தரையில் கிடக்கும் துரும்பை எடுப்பதும் இறையன்பிற்காகவே நிகழ்ந்தன. வேலை தொடங்குமுன் அருளை வேண்டுவார். நன்கு முடிந்தால் நன்றி கூறுவார். தவறினால், தனித்து விடப்பட்டால் தம்மால் ஆவது இவ்வளவே என ஒப்புக்கொண்டு, மேலும் நொந்துகொள்ளாமல் அடுத்த வேலையில் இறங்குவார். இந்தக் கடைசிப் பழக்கம்தான் மிகக் கடினம் என்று தோன்றுகிறது. செய்த பிழையை எண்ணி எண்ணி வருந்துவதையே நாம் பக்தி எனக் கொள்கிறோம் அல்லவா?

1666-இல் திராட்சை இரசம் வாங்கிவர பர்கண்டிப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். வணிகம் அறியாதவர், காலும் ஊனம். படகில் பீப்பாய்களின்மீது உருண்டுதான் நகர முடிந்தது. இது உமது காரியம் என்று இறைவனிடம் கூறிவிட்டுக் கவலையின்றி இருந்தார். காரியம் நன்றாகவே முடிந்தது.

முதுமையில் நோயின் வலி மிகுந்தபோதும் அதை நீக்குமாறு அவர் மன்றாடவில்லை. பொறுக்கும் வலிமையையே வேண்டினார். 1691 பிப்ரவரி 12 அன்று தெளிந்த நினைவோடு உயிர் நீத்தார். மறு ஆண்டே, அவரோடு உரையாடிப் பழகிய ஜோசப் த போஃபோர் என்ற குரு அவருடைய கடிதங்களை நூலாக வெளியிட்டார். தாம் இறைவனோடு வாழும் வழியை விளக்கும் கடிதம் ஒன்றை, வேறு எவருக்கும் காட்டக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் லாரன்ஸ் எழுதியிருந்தார்.