எடிங்டன் ஏற்க மறுத்த கணக்கு: சுப்பிரமணியன் சந்திரசேகர்

1930 ஜூலை 31 அன்று பம்பாயிலிருந்து புறப்பட்ட கப்பலில் 19 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் இருந்தார். 1910 ஒக்டோபர் 19 இல் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்து, கேம்பிரிட்ஜ் செல்லப் புலமைப்பரிசில் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர்தான் அவர். தாய் சீதாலட்சுமி அப்போது கடும் நோயில் கிடந்தார். ஆனாலும் மகன் போகத்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றவர் அவரே. அடுத்த ஆண்டு தாய் கண்மூடியபோது மகன் கடலுக்கு அப்பால் இருந்தார். இந்தத் துயரம் நம் வீடுகளுக்குப் புதியதல்ல.

அந்தக் கப்பலில்தான் அவர் ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்த சூரியன் போன்ற விண்மீன் சுருங்கி 'வெண்குள்ளன்' ஆகும். தை மாத முன்னிரவில் கிண்ணியாவிலிருந்து கொட்டியாரக் குடாப் பக்கம் பார்த்தால் பளிச்சென்று தெரியும் சிரியஸுக்கு அப்படியொரு துணை உண்டு. வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. வெண்குள்ளனின் நிறைக்கு ஓர் எல்லை இருக்கிறது என்பதே சந்திரசேகரின் முடிவு. பின்னர் திருத்தமாகக் கணிக்கப்பட்ட அந்த எல்லை, சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் இதை விளக்கினார். அடுத்து எழுந்த ஆர்தர் எடிங்டன் அதைக் கேலி செய்தார், சபை சிரித்தது. சூரியனின் ஈர்ப்பு ஒளியை வளைக்கிறது என்று 1919 சூரிய கிரகணத்தின்போது அளந்து காட்டிப் புகழ்பெற்றவர் எடிங்டன். சந்திரசேகர் சொன்னதே சரி என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்ட பெரிய விஞ்ஞானிகளும் வெளியே வாய் திறக்கவில்லை.

சந்திரசேகர் சண்டைக்குப் போகவில்லை. 1937 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1939 இல் தன் ஆய்வை நூலாக்கிவிட்டு வேறு துறைக்கு நகர்ந்தார். 1983 இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் எடிங்டனைப் போற்றும் அவரது நூலும் வெளியானது. 1995 ஓகஸ்ட் 21 இல் சிக்காகோவில் காலமானார். 1999 இல் விண்ணுக்கு ஏவப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு நாசா 'சந்திரா' என்று பெயரிட்டது.

வெண்குள்ளன் ஒன்று துணை விண்மீனின் பொருளை இழுத்து அந்த எல்லையை நெருங்கும்போது வெடித்துச் சிதறலாம். இவ்வகைச் சுப்பர்நோவாக்கள் ஏறத்தாழ ஒரே அளவில் ஒளிர்வதால், அவற்றைக் கொண்டு அண்டத்தின் தூரங்களை அளக்கிறார்கள். 2016 இல் காணப்பட்ட அப்படியொரு வெடிப்பின் ஒளியை இடையிலிருந்த ஒரு விண்மீன்மண்டலத்தின் ஈர்ப்பு, வில்லையைப் போல வளைத்தது. ஒரே சுப்பர்நோவா நான்கு புள்ளிகளாக, 50 மடங்குக்கு மேல் பிரகாசமாகத் தெரிந்தது.

எடிங்டன் அளந்து காட்டிய ஒளி வளைவும் அவர் ஏற்க மறுத்த எல்லையும் அந்த நான்கு புள்ளிகளில் ஒன்றாகவே நின்றன.