ஹார்லெமைப் பாரிஸிலிருந்து எழுதியவர்

துப்பறியும் கதைகளைப் புகையிரதப் பயணத்துக்குரிய பொழுதுபோக்கென ஒதுக்குவோர் நம்மிடையே பலர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம், செஸ்ரர் ஹைம்ஸின் வாழ்வை அறியும்வரை.

1909 இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், கறுப்பின ஆசிரியக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். சிறுவயதில் அவருடைய சகோதரர், பாடசாலையில் இரசாயனப் பரிசோதனை ஒன்றைச் செய்துகாட்டுகையில் ஏற்பட்ட வெடிப்பினாற் பார்வையிழந்தார். காயத்தோடு கொண்டுசெல்லப்பட்ட பிள்ளையை வெள்ளையருக்கான மருத்துவமனை ஏற்க மறுத்தது. அந்த வாயிற்படியை ஹைம்ஸ் இறுதிவரை மறக்கவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கப்பட்ட இளைஞர் சூதாட்டக்காரரோடு திரிந்தார். 1928 இல் ஆயுதமுனையிற் கொள்ளையடித்த குற்றத்துக்கு 20 முதல் 25 ஆண்டுச் சிறை. அப்போது வயது 19. ஒஹாயோச் சிறையில் 1930 இல் மூண்ட தீயில் 320 வரையான கைதிகள் மாண்டனர். அக்கொடுமையைக் கண்ணாற் கண்டவர் சிறையிலேயே எழுதத் தொடங்கினார். 1934 இல் எஸ்குவயர் சஞ்சிகை அவருடைய கதைகளை வெளியிட்டது. 1936 இல் நிபந்தனையுடன் விடுவிக்கப்பட்டார்.

யுத்தகாலத்தில் கலிபோர்னியாவின் கப்பல் கட்டும் தளங்களில் பெற்ற கசப்பு, 1945 இல் முதல் நாவலாயிற்று. ஆயினும் எழுத்து வயிற்றை நிரப்பவில்லை. 1953 இற் கப்பலேறிப் பிரான்ஸ் சென்றார்.

அங்கே கலிமார் பதிப்பகத்தின் குற்றக்கதை வரிசையை நடத்திய மார்செல் துஹமெல், துப்பறியும் நாவல் எழுதுமாறு அவரைத் தூண்டினார். பணமுடையால் ஹைம்ஸ் இசைந்தார். கதைக்களம் நியூயோர்க்கின் ஹார்லெம். சவப்பெட்டி எட், குழிதோண்டி ஜோன்ஸ் எனப் பட்டப்பெயர் தாங்கிய இரு கறுப்பினப் பொலிசார் அதன் நாயகர். ஏழைகளின் சேமிப்பைச் சுருட்டும் எத்தரை அவர்கள் துரத்துகிறார்கள். தாம் காக்கும் சட்டம் தம் மக்களுக்கு நீதி செய்வதில்லை என்பதையும் அறிந்திருக்கிறார்கள். சிரித்தபடி வாசித்துச் செல்கையில் நெஞ்சு கனத்துவிடும்.

ஆங்கிலத்தில் எழுதிய அந்நாவலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்கு 1958 இற் பிரான்சின் துப்பறியும் இலக்கியப் பெரும்பரிசு கிடைத்தது. பரிசு பெற்றவருக்கோ பிரெஞ்சு சரளமாக வராது! அவர் அகதி விண்ணப்பம் செய்தவரல்லர். எனினும் அந்த நாவிடறலை நம்மவருக்கு விளக்கத் தேவையில்லை. பரிசு வாங்கிய அதே கதை, அவர் பிறந்த நாட்டில் மலிவுப் பதிப்பாகவே கடைகளுக்கு வந்தது. 1970 இல் ஹார்லெம் நாவல்களில் ஒன்று திரைப்படமான பின்னரே அங்கு அவர் பெயர் பரவலாயிற்று.

அப்போது அவர் ஸ்பெயினின் மொராய்ரா என்னும் கடலோர ஊரிற் குடியேறியிருந்தார். நோயால் நலிந்து, 1984 நவம்பர் 12 இல் அங்கேயே காலமானார்.