வானியலறிஞர் வைணு பாப்பு (1927 – 1982)

நுவரெலியா, ஹற்றன் பகுதி மாணவர்களுக்கு மலையும் பனிமூட்டமும் புதியவை அல்ல. தேயிலை மலைகளை மாலையில் பனி மூடிவிட்டால் இரவில் ஒரு நட்சத்திரத்தையும் காண முடியாது. தமிழ்நாட்டின் கொடைக்கானல் மலையிலும் இதே இடையூறு உண்டு. அதனால் மனந்தளராது, வேறொரு மலையைத் தேடிச் சென்று இந்திய வானியலுக்குப் புத்துயிர் அளித்தவர் வைணு பாப்பு ஆவார்.

இளமைப் பருவம்

இவர் 1927 ஆகஸ்ட் 10ஆம் திகதி சென்னையில் பிறந்தார். தந்தையார் ஹைதராபாத்திலுள்ள நிசாமியா வானியல் அவதான நிலையத்தில் உதவியாளராகப் பணிபுரிந்தார். ஆகவே தொலைகாட்டிகளின் அருகிலேயே இவர் வளர்ந்தார். மாணவராக இருந்தபோதே ஒளி மாறும் நட்சத்திரங்களை அவதானித்துக் கட்டுரைகள் எழுதினார்.

புலமைப்பரிசில் தந்த வாய்ப்பு

ஹைதராபாத் அரசின் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1949 ஜூலை மாதத்தில் புதிய வால்வெள்ளி ஒன்றைக் கண்டுபிடித்தார். அது இவரது பெயருடன் பொக், நியூகேர்க் ஆகியோரின் பெயர்களையும் சேர்த்து அழைக்கப்படுகிறது. 1952இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அதன்பின் இளம் ஆய்வாளர்களுக்கான கார்னெகி புலமைப்பரிசில் கிடைத்தது. அதனால் பலோமார் மலையில் இருந்த, அக்காலத்தில் உலகிலேயே பெரியதான 5 மீற்றர் தொலைகாட்டியில் பணியாற்றினார். அங்கு ஒலின் வில்சனுடன் இணைந்து முக்கியமான உண்மையொன்றைக் கண்டறிந்தார். சூரியனைப் போன்ற, அல்லது அதனிலும் குளிர்ந்த நட்சத்திரங்களின் ஒளியில் கல்சியத்துக்குரிய பிரகாசக் கோடு ஒன்று உண்டு. அக்கோட்டின் அகலத்தைக் கொண்டு நட்சத்திரத்தின் உண்மைப் பிரகாசத்தையும், அதிலிருந்து அதன் தூரத்தையும் கணிக்கலாம். 1957இல் வெளியான இது வில்சன்–பாப்பு விளைவு எனப்படும்.

தாய்நாட்டுப் பணி

வெளிநாட்டில் சிறந்த வாய்ப்புகள் இருந்தும் 1953இல் இவர் இந்தியா திரும்பினார். முதலில் நைனிடாலில் அவதான நிலையம் அமைக்கப் பாடுபட்டார். 1960இல் கொடைக்கானல் அவதான நிலையத்தின் பணிப்பாளரானார். அங்கு பகலில் சூரியனை ஆராயலாம்; இரவு வானமோ பெரும்பாலும் முகிலால் மூடப்பட்டிருக்கும். எனவே தெளிந்த இரவு வானத்தைத் தேடி, ஜவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூரைத் தெரிவு செய்தார். அது கொடைக்கானலிலும் மிகத் தாழ்ந்த இடமாயினும் வானம் தெளிவானது. மத்திய கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியும்.

அங்கு 1968இல் நிறுவப்பட்ட முதல் தொலைகாட்டியின் விட்டம் 38 சென்ரிமீற்றர் மட்டுமே. அது வெளிநாட்டிலிருந்து வாங்கப்படாமல் இவரது நிறுவனத்தின் பட்டறையிலேயே செய்யப்பட்டது. 1972இல் ஒரு மீற்றர் தொலைகாட்டி வந்தது. 1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை வெளிப்படுத்திய அவதானங்களில் அதற்கும் பங்குண்டு.

பின்னர் 2.34 மீற்றர் தொலைகாட்டியை இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்கும் பணியைத் தொடங்கினார். 1979இல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தெரிவான முதலாவது இந்தியர் என்னும் பெருமையையும் பெற்றார். ஆயினும் தம் கனவு நனவாவதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1982 ஆகஸ்ட் 19ஆம் திகதி ஜேர்மனியின் மியூனிக் நகரில் காலமானார். 1986இல் இயங்கத் தொடங்கிய அத்தொலைகாட்டிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

விண்வெளியில் தொடரும் பணி

அவர் வளர்த்தெடுத்த இந்திய வானியற்பியல் நிறுவனம் இன்று விண்வெளிக் கருவிகளையும் உருவாக்குகிறது. 2015இல் ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் செய்மதியின் ஊதா கடந்த கதிர்த் தொலைகாட்டி அந்நிறுவனத்தின் தலைமையில் உருவானது. அதிலுள்ள இரட்டைத் தொலைகாட்டிகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 38 சென்ரிமீற்றர் விட்டமுடையவை. காவலூரின் முதல் தொலைகாட்டியும் அதே அளவினதே. 2023இல் சென்ற ஆதித்யா எல்–1 விண்கலத்தின் பிரதான கருவியையும் அந்நிறுவனமே அமைத்தது.

இளமையில் கிடைத்த புலமைப்பரிசிலைத் தம் உயர்வுக்கு மட்டும் பயன்படுத்தாமல், பிறர் ஆராய்வதற்கான கருவிகளாக மாற்றியமையே வைணு பாப்புவின் சிறப்பாகும்.

பயிற்சி வினாக்கள்

1. வைணு பாப்பு பெற்ற இரு புலமைப்பரிசில்களைக் குறிப்பிடுக.
2. வில்சன்–பாப்பு விளைவின் பயன் யாது?
3. காவலூர் தெரிவு செய்யப்பட்டமைக்கான காரணங்கள் இரண்டு தருக.
4. தாம் பெற்ற வாய்ப்பை அவர் பிறருக்கும் பயன்படச் செய்தவாற்றை விளக்குக.