பிரின்ஸ் ஹாலும் வெள்ளைத் தோலாடையும்

சங்கக் கூட்டத்திற்கு உடை ஒழுங்கு எதற்கு என்று வினவும் இளைஞர் நம்மிடையே உளர். அவர்கள் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் வாழ்ந்த கறுப்பினப் பெருமகன் பிரின்ஸ் ஹாலின் வரலாற்றை அறிதல் நன்று.

அவர் தோல் பதனிடும் தொழிலாளர். 1777-இல் விடுதலைப் போர்ப் படைக்கு முரசுத் தோல் செய்தளித்தவர். தோலும் முரசும் எவர் கைத்தொழில் என்பதை நம் வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

பிரீமேசன் எனும் சகோதர சங்கத்தில் அவரும் வேறு 14 கறுப்பினத்தாரும் 1775 மார்ச் 6 அன்று சேர்ந்தனர் என்பது அச்சங்கத்தார் மரபு. சேர்த்துக்கொண்டது, பிரிட்டிஷ் படைப்பிரிவைச் சார்ந்த சபை. அவர்கள் பெற்ற அனுமதியோ சிறிது. ஒன்றுகூடலாம்; புனித யோவான் திருநாளில் ஊர்வலம் செல்லலாம்; இறந்தோரை முறைப்படி அடக்கம் செய்யலாம்; புதியவரைச் சேர்த்தல் ஆகாது. தெருவில் நடக்கவும், பிணத்தை மரியாதையுடன் எடுத்துச் செல்லவும் அனுமதி! இதன் பெறுமதியை நம் சேரி முதியோர் நன்கறிவர்.

அச்சங்கத்தாரின் சிறப்புடை, இடுப்பில் கட்டும் வெள்ளை ஆட்டுத்தோல் ஏப்ரன். கல்தச்சன் வேலையின்போது கட்டிய தோலே கனவான்களின் சின்னமாயிற்று. அந்நாளில் அதற்குக் கண்டிப்பான அளவில்லை. விரும்பியவாறு வண்ணம் தீட்டியும் பூவேலை செய்தும் அணிந்தனர். உழைப்பாளியின் ஆடையைக் கனவான் கட்டியபோது நகைக்காத ஊர், கறுப்பின உழைப்பாளி கட்டியபோது நகைத்தது. 1782-இல் அவர்களது திருநாள் விழாவைக் குறித்துப் பாஸ்டன் ஏடொன்று சபைக்குக் கேலிப் பெயரிட்டு எழுதிற்று. ஹால் வசைக்கு வசை தொடுத்தாரல்லர். தம் சபையின் பெயர் ஆப்பிரிக்கச் சபை எனப் பணிவாகத் திருத்தி மறுமொழி விடுத்தார்.

1784-இல் இங்கிலாந்துப் பெருஞ்சபை வழங்கிய 459 எண்ணுள்ள சாசனம் 1787-இல் அவர் கைக்கு வந்தது. அவ்வாண்டே, வரி செலுத்தும் கறுப்பினத்தாரின் பிள்ளைகளுக்கும் கல்வி வேண்டுமென மாநில மன்றத்திற்கு விண்ணப்பித்தார், பயனில்லை. மறு ஆண்டு, கடத்தப்பட்ட கறுப்பினத்தார் மூவருக்காக மனுச் செய்தார். அடிமை வாணிகத்திற்கு எதிரான சட்டம் பிறந்தது.

1797-இல் ஆற்றிய உரையில், விழா நாள்களில் பாஸ்டன் தெருக்களில் தம்மவர் படும் இழிவையும், முதிய பெண்டிரின் ஆடை கிழித்தெறியப்படுவதையும் வெளிப்படக் கூறினார். பொறுமை காக்கவும் சொன்னார். அவ்வறிவுரை நமக்கு முழுதும் உடன்பாடன்று. ஆயினும் அக்கொடுமையை அவையில் எடுத்துரைத்த துணிவு பெரிது.

1807 டிசம்பர் 4 அன்று அவர் மறைந்தார். 1813-இல் இங்கிலாந்தின் இரு பெருஞ்சபைகளும் இணைந்த பின்னர் ஏப்ரனின் அளவும் அணியும் விதிக்குட்பட்டன. 1847-இல் அவர் தோற்றுவித்த சங்கம் அவர் பெயரையே தன் பெயராகச் சூடிற்று.