கே.டி.மாளவியா: இந்தியாவை எண்ணெய் தேட வைத்தவர் - ஒரு கிணற்றில் எண்ணெய் வந்தால் போதுமா?

நெய்யாற்றின்கரை, அதியன்னூர், பாறசாலை பக்கம் நீங்கள் வசித்தால் இந்தப் பேச்சு காதில் விழுந்திருக்கும்: குமரிக் கடல்ல எண்ணெய் எடுக்கப் போறாங்களாம். அங்கே ஆழ்கடலில் 3 தொகுதிகளை ஆய்வு செய்யும் ஒப்பந்தம் 2024இல் ஓஎன்ஜிசிக்குக் கிடைத்தது. மீனவர்கள் எதிர்க்கிறார்கள்.

சரி, ஒரு கிணத்துல எண்ணெய் வந்துட்டா போதுமா? ஓஎன்ஜிசி உருவாகக் காரணமானவரின் கதையில் பதில் இருக்கிறது.

யார் இந்த மாளவியா?

கேசவ் தேவ் மாளவியா 1904இல் பிறந்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். நேரு அரசில் இயற்கை வளத் துறையைக் கவனித்தார். இந்தியாவில் பெரிதாக எண்ணெய் கிடைக்காது என்றே மேற்கத்திய நிபுணர்கள் பலர் கருதிய காலம் அது. அவர் சோவியத் நிபுணர்களை அழைத்தார். 1956இல் ஓஎன்ஜிசி ஆணையம் உருவானது. 1958இல் காம்பேயிலும் 1960இல் அங்கலேஷ்வரிலும் எண்ணெய் கிடைத்தது.

தேர்தல் நிதி சர்ச்சையால் 1963இல் பதவி விலகினார். 1974 பிப்ரவரியில், மும்பைக்கு மேற்கே சுமார் 160 கி.மீ. தொலைவில் 'சாகர் சாம்ராட்' துளைமேடை துளையிட்ட கிணற்றில் எண்ணெய் வந்தது. அதே ஆண்டு அவர் பெட்ரோலிய அமைச்சரானார். 1976 மே மாதம் பாம்பே ஹை உற்பத்தியைத் தொடங்கியது. 1981இல் அவர் காலமானார்.

அடியில் என்ன இருக்கிறது?

ஏரி மாதிரி எண்ணெய் தேங்கிக் கிடக்காது. பாறையின் நுண்துளைகளில், ஸ்பாஞ்சில் தண்ணீர் போல இருக்கும். மேலே வாயு, நடுவில் எண்ணெய், கீழே உப்புநீர். இவை சந்திக்கும் எல்லைகள் தெரிந்தால்தான் எவ்வளவு எண்ணெய் என்று கணக்கிட முடியும்.

எப்படித் தெரியும்? உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், எண்ணெய் கடத்தாது. ஆழம் கூடக்கூட அழுத்தமும் ஏறும்: நீரில் வேகமாக, எண்ணெயில் மெதுவாக, வாயுவில் இன்னும் மெதுவாக. அந்த வேகம் மாறும் இடம்தான் எல்லை.

அடுத்த கேள்வி: பக்கத்துக் கிணறும் இதே தொட்டியா? ஒன்றில் எண்ணெய் எடுக்கும்போது மற்றதிலும் அழுத்தம் குறைந்தால், இரண்டும் இணைந்தவை. குறையாவிட்டால், நடுவில் ஏதோ சுவர் இருக்கலாம்.

பாம்பே ஹையில் அப்படிச் சுவர்கள் உண்டு. சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய களிப்பாறை. வடக்கையும் தெற்கையும்கூட களிப்பாறைதான் பிரிக்கிறது. ஒரே தொட்டி இல்லைங்க, அடுக்குமாடிக் குடியிருப்பு! இப்படிப்பட்ட இடத்தில் அவசரமாக உறிஞ்சினால் மேலேயிருந்து வாயுவும் கீழேயிருந்து நீரும் முந்திக்கொண்டு வரும். எண்ணெய் பாறையிலேயே தங்கிவிடும். பாம்பே ஹை உற்பத்தி 1980களில் உச்சம் தொட்டு, 1990களின் தொடக்கத்தில் சரிந்தது. மீட்க, 2000க்குப் பிறகு மறுமேம்பாட்டுத் திட்டங்கள் தேவைப்பட்டன.

கடலில் எண்ணெய் தேட வழி திறந்தவர் மாளவியா. அடியில் இருப்பதைப் புரிந்துகொள்ள அதன்பின் பல பத்தாண்டுகள் பிடித்தன.

நாளை குமரிக் கடலில் எண்ணெய் கிடைத்ததாகச் செய்தி வந்தால், இரண்டு கேள்வி கேளுங்கள்: நீர் எல்லை எங்கே? அடுத்த கிணறு இதோடு இணைந்ததா? கடலை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு அங்கே எண்ணெய் இருக்கிறதா என்பதை இந்தப் பதில்கள் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.